எஞ்சின் பெரியப்பாவுடையது, படகு எங்களுடையது

எட்டு வருஷம் எங்கள் குடும்பத்துப் படகு பொங்கோல் கடற்கரையில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அதன் எஞ்சின் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பெரியப்பா வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், பழைய கைலி போர்த்தி நின்றது. ஒரு பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம்தான். அந்தத் தூரத்தை என் அப்பாவும் அவருடைய அண்ணனும் எட்டு வருஷமாகக் கடக்கவில்லை. பிடிவாதத்துக்கு எங்கள் வீட்டில் மானம் என்று பெயர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வாங்கியது. பதினாறடி மரப்படகு. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பெரியப்பா அங்கேயே மெக்கானிக். படகை அப்பா வாங்கினார், பின்னால் மாட்டும் எஞ்சினைப் பெரியப்பா வாங்கினார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் கோயில் உடுப்போடே பொங்கோலுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். சாயங்காலம் நாலு மீனும் முகமெல்லாம் வெயிலுமாக வருவார்கள். அப்பா சிரித்து நான் பார்த்தது அந்தச் சாயங்காலங்களில்தான். கிரேன் மேலேயும் வீட்டிலும் அவர் சிரித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, தன்னோடு ஒரே பள்ளியில் பாடம் நடத்திய சீனரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பெரியப்பா கொஞ்சம் அழுதார், பிறகு மாப்பிள்ளையைக் கூட்டிவந்து சாப்பாடு போட்டார். அப்பா அழவும் இல்லை, சாப்பிடப் போகவும் இல்லை. கோயில் வாசலில், பங்கு மக்கள் நாலு பேர் நிற்க, அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறுநாள் பெரியப்பா பொங்கோலுக்குப் போய், எஞ்சினைக் கழற்றி, வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அது திருட்டு. "என் போட்டோட எஞ்சினைத் திருடிட்டுப் போய்ட்டான்" என்று எட்டு வருஷம் சொன்னார். எஞ்சினை வாங்கியதே பெரியப்பாதான் என்று எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா முன்னால் உண்மையைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

இரண்டு பேரும் அதே கோயிலுக்குத்தான் தொடர்ந்து வந்தார்கள். அப்பா இடப்பக்கம், பெரியப்பா வலப்பக்கம், நடுவில் நடைபாதை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும். ஃபாதர் சொன்னதும் எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்புவார்கள். பெரியப்பா ஒவ்வொரு வாரமும் நடைபாதைப் பக்கம் திரும்பிக் கைகூப்புவார். அப்பா அந்த நேரம் பார்த்துப் பின்னால் திரும்பி, முகம் தெரியாத யாருக்காவது சமாதானம் சொல்வார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நற்கருணை வாங்கவும் தவறியதில்லை.

எண்பதுகளில் பொங்கோல் பக்கம் பண்ணைகளையெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் படகு கிடந்த இடத்தருகே படகுக் கொட்டகை வைத்திருந்த சீனக் கிழவருக்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. படகை எடுத்துப் போகிறீர்களா, உடைத்து விறகாக்கட்டுமா என்று சொல்லியனுப்பினார். நாங்கள் அப்போது தெம்பனிஸில் ஐந்தாவது மாடிக்குக் குடிவந்திருந்தோம். படகை வைக்கக் கொல்லையா இருக்கிறது? உடைக்கச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பெரியப்பா என் கையைப் பிடித்தார். கழுத்துப் பட்டன் போட்டிருந்தும் காலருக்குள் இரண்டு விரல் போகும்போல இருந்தது. வயிற்றில் கட்டி, டாக்டர்கள் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருந்தேன்.

"டேய் தம்பி, போட்டை ஒடைக்கச் சொல்லாத லா. எஞ்சின் நான் தர்றேன். ஒரே ஒரு தடவை தண்ணில எறக்கணும். உங்கப்பன் முன்னாடி ஒக்காரணும், நான் பின்னாடி. அவன் பேச வேணாம். சும்மா ஒக்காந்தா போதும்."

"எஞ்சின் ஓடுமா பெரியப்பா? எட்டு வருஷமாச்சே."

"வீட்டுக்கு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சந்தில் ஒரு எண்ணெய் டிரம், அதில் குழாய்த் தண்ணீர், விளிம்பில் ஒரு பலகை, பலகையில் எஞ்சின். கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தார், ஓடியது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இப்படி ஓட்டுவாராம். பக்கத்துக் கடைக்காரர் புகைக்குச் சத்தம் போடுவாராம், இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டுவாராம். எட்டு வருஷம், ஒரு மாதம் விடாமல். கடலைப் பார்க்காத எஞ்சின் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, கடைசி ஆசை, ஒரே ஒரு தடவை, எல்லாம். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"எஞ்சின் வருமா?"

"வரும்பா."

"அப்ப செய்."

மனம் இளகிவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவிடம் போய் அப்படியே சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, களைந்த அரிசியை இன்னொரு தடவை களைந்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பொங்கோலுக்குப் போனேன். படகின் பின்பகுதி ஊறிப்போய், விரலால் அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போனது. முன்பகுதி நேர்மாறாக வெயிலில் காய்ந்து, பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு ஓட்டை உண்டு. கரையில் வைக்கும்போது அதன் தக்கையைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி மரம் அழுகிவிடும். துறைமுகத்தில் முப்பது வருஷம் இருந்த அப்பாவுக்கு இது தெரியாதா? ஆனால் தக்கை இறுக்கமாக அடித்திருந்தது.

கொட்டகைக் கிழவர் மலாயில் சொன்னார்: உன் அப்பா வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். நான் தக்கையைக் கழற்றி வைத்திருப்பேன். அவர் வந்து, கல்லால் அடித்து மறுபடி மாட்டிவிட்டுப் போவார். நாலைந்து தடவை கழற்றினேன், பிறகு உங்கள் குடும்பத்து விவகாரம் எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அண்ணன்காரர் மாதாமாதம் ஓட்டி எஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறார். தம்பிக்காரர் தஞ்சோங் பகாரிலிருந்து பஸ் மாறி வந்து படகை அழுகவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கே அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் படகு வேண்டாம் என்று சொல்லிவிடுவார், பெரியப்பா ஆசை கெட்டுவிடும் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரியான வார்த்தை.

அழுகிய பலகைகளைக் கிழவரே மாற்றித் தந்தார். மீதிப் பலகைகளின் இடைவெளியைத் தொடாதே என்றார். படகைத் தண்ணீரில் விடு, உள்ளே தண்ணீர் வரும், மூழ்கட்டும், ஒரு வாரம் கிடக்கட்டும். மரம் குடித்துப் பருத்துத் தானே மூடிக்கொள்ளும், பிறகு இறைத்துவிடு என்றார். நான் சிரித்தேன். பத்து வருஷமாகக் கப்பல் பட்டறையில் வெல்டர் நான். இவ்வளவு பெரிய எண்ணெய்க் கப்பலுக்கெல்லாம் ஒட்டுப் போட்டவன். எனக்குத் தெரிந்தது இரும்பு. இரும்பில் இடைவெளி இருந்தால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான். படகை மூழ்கடித்துச் சரிசெய்வதாவது!

பட்டறையில் பழகிய ஒரு பசை உண்டு, காய்ந்தால் கல். அதை வாங்கி ஒவ்வொரு இடைவெளியிலும் அழுத்தி அடைத்தேன். தேய்த்து, இரண்டு கை பெயிண்ட் அடித்தேன். தண்ணீரில் இறக்கியபோது ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கிழவரைப் பெருமையாகப் பார்த்தேன், அவர் சிகரெட்டைப் பற்றவைத்தார். அடுத்த ஞாயிறு போகலாம் என்று பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

மரம் எனக்காகக் காத்திருக்கவில்லை. தண்ணீர் குடித்தது, பருத்தது, பருக்க இடமில்லாமல் கல்லாக இறுகிய பசையோடு மோதியது. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் உள்ளே இரண்டு சட்டங்கள் முறிந்து, ஒரு பலகை பிதுங்கி, படகு பாதி முழுகிக் கிடந்தது. பசையைச் சுரண்டி எடுத்து, சட்டம் மாற்றி, கிழவர் சொன்னபடி ஒரு வாரம் மூழ்கடித்து எடுப்பதற்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. பெரியப்பாவுக்கு மிச்சம் இருந்ததே இரண்டு மூன்று மாதங்கள்தான். அதில் இரண்டை என் கெட்டிக்காரத்தனம் தின்றது. அவர் ஒரு தடவைகூடக் கோபிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

கடைசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, அப்பாவும் நானும் பொங்கோல் போனோம். கொஞ்ச நேரத்தில் டாக்சி வந்தது. முதலில் இறங்கியவர் பெரியப்பாவின் மருமகன், அக்கா கட்டிய சீனர். எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் நீண்ட பலகைப் பாலத்தில் நடந்து வந்தார். பெரியப்பாவால் இப்போது ஒரு குடையைக்கூடத் தூக்க முடியாது, வேறு யார் தூக்குவார்கள்? அவர் எங்களைப் பார்த்து, "அங்கிள், குட் மார்னிங்" என்றார். அப்பா கடலைப் பார்த்தார்.

மருமகன் எஞ்சினை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரியப்பாவைக் கூட்டிவரத் திரும்பினார். நான் படகில் இறங்கி அதை மாட்டி, இறுக்கி, பெட்ரோல் குழாயைச் செருகிவிட்டு, படகைப் பாலத்தோடு கட்டியிருந்த கயிற்றுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அப்பா படகில் இறங்கினார், முன்னால் உட்காரவில்லை. பின்னால் எஞ்சின் பக்கத்தில், பெரியப்பாவின் இடத்தில் உட்கார்ந்தார். எஞ்சின் கயிற்றை அவரே இழுத்தார். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

பெரியப்பா பாலத்தின் நுனிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கோயில் செருப்பு. மருமகன் இடுப்பைப் பிடித்திருந்தார். படகில் இறங்க உதவிக்காகப் பெரியப்பா கையை நீட்டினார். என் பக்கம் அல்ல, தம்பி பக்கம்.

"கயித்தை அவுருடா," என்றார் அப்பா.

"அப்பா, பெரியப்பா..."

"அவுருடா."

அவிழ்த்தேன். படகு விலகியது. பெரியப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. எதிர்த் தீவு வரைக்கும் போய்த் திரும்பினோம். "எஞ்சினை நல்லாத்தான் வச்சிருந்திருக்கான்," என்றார் அப்பா, ஒரு தடவை. நாங்கள் திரும்பி வந்தபோது பாலத்தில் யாரும் இல்லை. கொட்டகைக் கிழவர் என் முகத்தைப் பார்க்காமல் வலை மடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் பெரியப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு அப்பா வந்தார், எல்லோருக்கும் கைகூப்பினார், பெட்டி மேல் மண்ணும் போட்டார். அக்கா என் பக்கமே திரும்பவில்லை. திரும்பி வரும் வழியில் டாக்சியில் அப்பா கேட்டார்: "எஞ்சினைத் திருப்பிக் கேக்க மாட்டாங்கல்ல?"

அப்பா கல்நெஞ்சக்காரர் என்று இப்போது எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சேர்ந்து சொல்கிறேன், அப்படிச் சொல்லும்போது எனக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் அப்பா கை எஞ்சினில் இருந்தது. கயிற்றை அவிழ்த்தது என் கை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.