ரோன் நதிக்கரையில் கை நனைத்தது

மேட்டூர் அணை திறக்கிற வரைக்கும் கோடையில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடையாது. வயல் வெடித்துக் கிடக்கும். காலையில் போய் அதைப் பார்ப்பார், சாயங்காலம் போய் மறுபடியும் பார்ப்பார். அப்படி ஒரு கோடையில்தான் மகன் எங்களைப் பிரான்ஸுக்கு வரச் சொன்னான். "சும்மா சுத்திப் பாக்க வாங்கம்மா" என்றான் போனில். சும்மா இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கூட வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் பேச்சைக் கிடப்பில் போட்டாயிற்று என்று அர்த்தம்.

சாதி சனம் என்ன சொல்லும் என்ற உறுத்தல் அவருக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரே பிள்ளை. அங்கேயே பெண் கட்டினால் அவன் ஊர் திரும்ப மாட்டான். "இங்க கட்டிவச்சா மட்டும் வந்துடுவானா?" என்று நான் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

மகன் காரில் எங்களைக் கிராமம் கிராமமாகக் கூட்டிப்போனான். கல் வீடுகள், திராட்சைத் தோட்டங்கள், ஆள் நடமாட்டமே இல்லாத தெருக்கள். தெருவில் ஒரு குரல் கேட்கவில்லையே, எல்லோரும் எங்கே போய்விட்டார்கள் என்று எனக்கு ஒரே கவலை. ஒரு சந்தையில் பச்சைப் பூஞ்சை பிடித்த பாலாடைக்கட்டியை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். "இத நம்ம வீட்டுக் கழுநீர்த் தொட்டியில போட்டா மாடு மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றார் இவர். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு வாங்கித் தின்றார். அதற்கு விளக்கம் கேட்டால் கோபம் வரும் என்பதால் நான் கேட்கவில்லை.

ஆர்ல் என்ற ஊரில் ரோமாபுரிக்காரர்கள் கட்டிய பெரிய வட்ட அரங்கம் இருக்கிறது. அடுக்கடுக்காகக் கல் வளைவுகள். இவர் ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம பெரிய கோயிலுக்கு இது அண்ணனா தம்பியா?" என்று கேட்டார். "அண்ணன்தாம்ப்பா. ரொம்ப மூத்தது" என்றான் மகன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "மூத்ததா இருந்து என்ன, விளக்கேத்த ஆளில்லையே" என்றார்.

அந்தப் பெண்ணின் அப்பா அம்மா இருப்பது அதற்கும் தெற்கே. ரோன் என்ற ஆறு இரண்டாகப் பிரிந்து கடலில் கலக்கிற இடம், பெயர் கமார்க். நெல் விளைகிற பூமி என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். நாங்கள் நம்பவில்லை. பெண் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் மறுநாள் மதியம் போவதாக ஏற்பாடு.

அன்று காலை ஓட்டல் அறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இவர் சொன்னார்: "பேச்சு ஒண்ணும் முடிவாகல. அங்க கை நனைக்கக் கூடாது, தெரியுதா."

எங்கள் பக்கத்து முறை அது. பேசி முடியாத சம்பந்த வீட்டில் சாப்பிட மாட்டோம். காப்பி குடிக்கலாம், ஒப்புக்குப் பலகாரத்தைக் கிள்ளிக்கொள்ளலாம். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அப்புறம் மாற்றிப் பேசுகிறவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. நானும் தலையாட்டினேன். இதை மகனிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் முழுச் சாப்பாட்டைச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று யார் கண்டது.

காரை விட்டு இறங்கியதும் தண்ணீர் வாசனை வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கட்டிய வயல், அதில் ஊசி ஊசியாகப் பச்சை. வாய்க்கால், மதகு, வரப்பு எல்லாம் இருந்தன. நடவு மட்டும் இல்லை, விதையை இயந்திரத்தால் தெளிக்கிறார்களாம். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறிவிட்டார். பெண்ணின் அப்பா, செம்மண் நிற முகமும் பெரிய கைகளும் உள்ள மனிதர், பின்னாலேயே போனார். தூரத்து வயலில் பூநாரைக் கூட்டம் இறங்கியது. எங்கள் கோடியக்கரைக்கு வருமே, அதே பறவை. நான் அழகு என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆம்பளைகளும் ஒரே நேரத்தில் கையைத் தட்டிக் கத்தினார்கள். முளைத்ததையெல்லாம் மிதித்து நாசம் செய்துவிடுமாம். பாஷை தெரியாத இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச்சு தடையில்லாமல் போயிற்று.

இந்த வயல்களைத் திருத்தியவர்களைப் பற்றியும் பெண்ணின் அப்பா சொன்னார், மகன் தமிழில் சொன்னான். உலகப் போர்க் காலத்தில் வியட்நாமிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். விருப்பப்பட்டு வந்தவர்கள் குறைவு. அவர்கள் கை பட்டுத்தான் இங்கே நெல் பெருகியது. "நாகப்பட்டினத்துலேருந்து நம்ம சனத்த மலேயாவுக்கு ஏத்தின மாதிரி" என்றார் இவர். மகன் அதை பிரெஞ்சில் சொல்ல, அந்த மனிதர் தலையை அசைத்தார். இருவரும் சேர்ந்தே வரப்பில் திரும்பி வந்தார்கள். ஆகா, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆற்றங்கரை மரத்தடியில் நீளமான மேசை போட்டிருந்தார்கள். முதலில் மட்டிச் சிப்பி, பூண்டு மணக்க. பிறகு கொடுவா மாதிரி ஒரு முழு மீன். நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தில் அவர்கள் வயல் சோறு. பெண்ணின் அம்மா என் வீட்டுக்காரர் தட்டில் போட வந்தாள். இவர் தட்டின் மேல் கையை வைத்து மூடினார். "வேணாங்க. வயிறு சரியில்ல."

நானும் அதையே சொன்னேன். உனக்குமா என்கிற மாதிரி மகன் என்னைப் பார்த்தான்.

அந்த அம்மா உள்ளே போய் ரொட்டி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றோம். பழம் கொண்டுவந்தாள். அதற்கும் கையால் தட்டை மூடினார். அவள் கழுத்து சிவந்துபோயிற்று. மகளிடம் என்னவோ சொன்னாள். மகன் மெதுவாகத் தமிழில் சொன்னான்: "மாட்டுக்கறி எதுலயும் படலைங்கிறாங்கம்மா. இந்தப் பக்கம் விசேஷம்னாலே மாட்டுக்கறிதான். உங்களுக்காகப் பாத்திரம் எல்லாம் புதுசா வாங்கினாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. என் சொந்த நாத்தனார் எனக்காக ஒரு கரண்டி புதிதாக வாங்கியதில்லை.

"என்னப்பா பிரச்சினை?" என்றான் மகன்.

"பேச்சு முடியல. முடியாம எப்படிடா கை நனைக்கிறது?"

"அப்ப முடிங்கப்பா. ஒரு வருஷமாச்சு."

"பாக்கலாம்."

மகன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அந்தப் பெண், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் வைத்துவிட்டாள். பெண்ணின் அப்பா ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீன் ஆறிக்கொண்டிருந்தது. என் பிள்ளை, வாய் ஓயாமல் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு வந்தவன், மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முறை, மரியாதை எல்லாம் இவர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எழுந்தேன். தோட்டத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சோற்றை நானே அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டேன். மீனை முள் பார்த்துப் பிட்டுக் கையால் பிசைந்தேன்.

"ஏய், என்ன பண்ற?"

"கை நனைக்கிறேன். நீங்க பாக்கலாம் பாக்கலாம்னு பாத்துக்கிட்டே இருங்க."

வாயில் வைத்தேன். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது, சாப்பாடு பிடித்துவிட்டது என்று. மகனுக்குத்தான் விஷயம் புரிந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்குப் பிரெஞ்சில் என்னவோ சொன்னான். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெண் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். பிறகு எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

இவர் வயலைப் பார்த்தார். நான் நிறுத்தாமல் சாப்பிட்டேன், அடுத்த கவளம், அதற்கடுத்தது. இவர் இதோடு எழுந்து காருக்குப் போய்விட்டால் என் கதி என்ன என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது.

எழுந்தார். குழாயடிக்குப் போனார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்து தட்டை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினார். அவள் நிறையப் போட்டாள். தலை நிமிராமல், பேசாமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"உங்க ஊரு அரிசி கொழையலடா. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இனி பிள்ளையின் ஊர் இதுதான் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. நான் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டேன். பசி இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.