இருபத்தாறாம் நாள்

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. பல்லி கத்தினால் இவளும் கத்துவாள். அவளைப் போய் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பதினான்கு வருஷம் எங்களோடு அழுக்குத் துணி பிரித்தவள். பதவி வந்த அன்று வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள்.

"பதினோரு பொம்பளைங்கடி! எவளாவது எதிர்த்துப் பேசினா நான் என்ன பண்ணுவேன்?"

"நீயும் பேசு. வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்க?" என்றேன்.

பயத்தில் அவள் கத்தத்தான் செய்தாள். யாரும் மதிக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "கத்தினா ஆகாதும்மா, ஆளுங்களுக்கு உற்சாகம் குடுங்க" என்றார். அக்கா யோசித்து யோசித்து ஒரு கரும்பலகை மாட்டினாள்.

எங்கள் வேலையில் எமன் என்றால் ஊசிதான். படுக்கை விரிப்புக்குள் யாரோ மறந்த ஊசி கிடக்கும். பிரிக்கும்போது கையுறையைத் தாண்டிக் குத்தும். எந்த நோயாளியின் ரத்தம் அதில் இருக்கிறதோ! உடனே சொன்னால் மருந்து கொடுப்பார்கள். மூன்று நாள் தாண்டினால் அந்த மருந்தாலும் பயனில்லை. பலகையில் அக்கா 'ஊசி குத்தாத நாட்கள்' என்று எழுதினாள். முப்பது வந்தால் எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு. நடுவில் யாருக்காவது குத்தினால் மறுபடி பூஜ்யம்.

அடேயப்பா, அப்புறம் என்ன உற்சாகம்! லீவுக்கு என்ன செய்வது என்று ஆளுக்கொரு திட்டம் போட்டார்கள். பதினைந்தாம் நாள் எனக்குக் குத்தியது. இடது ஆள்காட்டி விரலில் ஒரே சொட்டு ரத்தம். பலகையைப் பார்த்தேன், மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன், விரலைக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அறிவுகெட்ட ஜென்மம் நான். மூன்று நாள் கழிந்த பிறகுதான் பயமே வந்தது. தினமும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

இருபத்தாறாம் நாள் காலை, குப்பைத் தொட்டியில் ஒரு கையுறையை அக்கா பார்த்தாள். விரல் நுனியில் ஈரம் காயாத ரத்தம்.

அதை எடுத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நின்றாள். மேனேஜர் முந்தின நாள்தான் பலகையைப் பார்த்துப் பாராட்டியிருந்தார். அவள் நினைத்திருந்தால் கையுறையைத் தொட்டியிலேயே திரும்பப் போட்டிருக்கலாம். ஸ்டூலில் ஏறி, முந்தானையால் எண்ணைத் துடைத்துப் பூஜ்யம் போட்டாள்.

"ஐயோ, இன்னும் நாலு நாள்தானே!" என்றாள் ஒருத்தி.

"லீவு கெடக்கட்டும். இந்தப் பலகையை மாட்டினது என் புத்திகெட்ட வேலை. யாரையும் திட்ட மாட்டேன், பேரை மேலிடத்துக்கு எழுத மாட்டேன். யாருக்குக் குத்துச்சோ அவங்க என்கூட வாங்க, டாக்டர்கிட்ட போலாம். பயமா இருக்கு எனக்கு."

சூப்பர்வைசர் ஒருத்தி எல்லோர் முன்னாலும் பயமாக இருக்கிறது என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுபவள் கையைத் தூக்கினாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பாடா, நேரத்துக்குச் சொன்னியே, தாயே" என்று அக்கா இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, "வேற யாருக்காவது?" என்றாள்.

நான் கையைத் தூக்கினேன். பாவி மகள், அக்கா சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"எப்போடி?"

"பதினோரு நாளாச்சு."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே வீட்டுல இருக்கோம். அக்காகிட்ட சொல்ல என்னடி பயம்?"

"அக்காகிட்ட பயமில்ல. சூப்பர்வைசர்கிட்டதான்."

என் முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொன்று இருக்கிறது. பலகையை அக்கா அன்றே கழற்றிவிட்டாள். இப்போது தினமும் வேலை முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து அவளிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறோம். என் முறை வரும்போது மட்டும் அவள் விரலைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.