மாதேஸ்வரன் மலைக்கு முன்னால் ஒரு பென்ஸ், பின்னால் என் அம்பாசிடர்

மைசூரில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குக் காரில் போகிறவர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "வயசானவர்களைக் கூட்டிப் போகிறோம், மலை ஏறும்போது வாந்தி வருமா, எந்த வண்டி நல்லது?" வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் பலமுறை எழுதிவிட்டேன். எந்த வண்டி என்பதற்கு மட்டும் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் 1997 பிப்ரவரியில் நாங்கள் போன பயணத்தைச் சொல்ல வேண்டும். அதில் என் மானம் கொஞ்சம் போகும். இத்தனை வருடத்துக்குப் பிறகு போனால் போகட்டும்.

என் மாமனார் பூர்வீகம் மலைப் பக்கத்து ராமாபுரம். மைசூருக்கு வந்து புளி மண்டி வைத்து நிமிர்ந்தவர். வருடம் ஒருமுறை மாதேஸ்வரனுக்கு முடி கொடுக்காமல் இருக்க மாட்டார். நான் அவருடைய மூத்த மாப்பிள்ளை. 1990இல் ஒரு பழைய டீசல் அம்பாசிடர் வாங்கினேன். அதிலிருந்து ஏழு வருடம் அவரை மலைக்குக் கூட்டிப் போனவன் நான்தான். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் சம்பளத்தில் அந்தக் குடும்பத்துக்கு வேறு எதையும் என்னால் பெரிதாகச் செய்ய முடியவில்லை. மலைப் பயணம் மட்டும் என்னுடையது. மலையில் மாமனாருக்குக் குமட்டும் என்பதால் எலுமிச்சம்பழம், நார்த்தங்காய் ஊறுகாய், சோடா, இரண்டு துண்டு என்று ஒரு பையே தனியாக வைத்திருந்தேன். "மூத்தவரு இல்லாம நம்மால மலை ஏற முடியாது" என்று அவர் மண்டியில் நாலு பேரிடம் சொல்வதுண்டு. அது என் காதுக்கு வந்து சேரும்போது எனக்கு ஒரு சுற்று பெருத்துவிட்டதுபோல இருக்கும்.

இந்த நிலையில்தான் என் சகலை மாதேஷ் பென்ஸ் வாங்கினார். என் மனைவி செல்வியின் தங்கை கணவர், என்னைவிட ஆறு வயது இளையவர், கட்டட கான்ட்ராக்டர். பெங்களூரில் யாரோ ஒரு முதலாளி இரண்டு வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்த வண்டி. விலையை அவர் எங்களிடம் சொல்லவில்லை. நான் மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு காலை மலைக்குப் புறப்பட வேண்டும். சனிக்கிழமை முழுக்க எனக்கு ஒரே யோசனைதான்: மாமனார் நாளைக்கு எந்த வண்டியில் ஏறுவார்?

காலை 6.10க்கு சரஸ்வதிபுரத்தில் மாமனார் வீட்டு வாசலில் இரண்டு வண்டியும் நின்றன. நான் முன் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் அவர் ஏழு வருடமாக உட்கார்ந்த இடம். அவர் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், பென்ஸைப் பார்த்தார். "புது வண்டி, சாமிகிட்ட காட்டணுமில்லீங்க மாப்பிள்ளை, நான் அதுல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். மாமியாரும் ஏறினார், செல்வியின் தங்கையும் ஏறினார். அந்தக் கதவு சாத்திய சத்தம் இருக்கிறதே, பட்டென்று இல்லாமல் 'தொப்' என்று ஒரே அமுக்கு. என் வண்டிக்கு செல்வி, பொங்கல் பானை, அரிசி மூட்டை, ஜமுக்காளம், அப்புறம் அந்த எலுமிச்சம்பழப் பை எல்லாம் வந்து சேர்ந்தன.

டி. நரசிபுரம் முப்பது கிலோமீட்டர். காவிரியும் கபினியும் சேரும் இடம், கூட்டமில்லாத நேரத்தில் போனால் ஆற்றில் காலை நனைத்துவிட்டுப் போகலாம். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் ஆறு பேருக்கும் இட்லி, வடை, காபி, மொத்தம் 84 ரூபாய். பணத்தை நான் முந்திக்கொண்டு கொடுத்தேன். அதிலாவது ஜெயிக்க வேண்டுமே.

காபி குடிக்கும்போது வண்டிக்குக் குறை தேட ஆரம்பித்தேன். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான் இருந்தது. "இத்தன காசு கொடுத்து ஒத்தை வைப்பர்தானா?" என்றேன். மாதேஷ் ஸ்விட்சைத் தட்டினார். தண்ணீர் பீய்ச்சியது. அந்த ஒற்றைக் கை இடப்பக்க மூலைக்கு நீண்டு, நடுவில் சுருங்கி, மறுபடி வலப்பக்க மூலைக்கு நீண்டு, மொத்தக் கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. ஓட்டல் வாசலில் நின்ற இரண்டு பேர் இன்னொரு தடவை காட்டச் சொன்னார்கள். காட்டினார்.

பானெட் மேலிருக்கும் மூன்று முனை நட்சத்திரத்தை மாமியார் தொட்டுப் பார்த்து அது என்ன சாமி என்று கேட்டார். நிலம், தண்ணீர், ஆகாயம் மூன்றிலும் ஓடுகிற எஞ்சின் செய்ய வேண்டும் என்பதற்கான அடையாளம் அது என்று மாதேஷ் சொன்னார். பிறகு அந்தக் கம்பெனியின் கதையையும் சொன்னார். நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ஒருவர் குதிரை இல்லாமல் ஓடும் மூன்று சக்கர வண்டி செய்தாராம். செய்தாரே தவிர, வெளியே எடுத்து நீண்ட தூரம் ஓட்டிக் காட்டத் தைரியம் வரவில்லையாம். ஒருநாள் விடியற்காலை அவர் மனைவி புருஷனிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய்விட்டாராம். வழியில் எரிபொருள் மருந்துக்கடையில் வாங்கினாராம். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாராம். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னாராம்.

"அவ்வளவு தூரம் எங்க போச்சு அந்தப் புள்ள?" என்று மாமியார் கேட்டார்.

"அம்மா வீட்டுக்குத்தான் அத்தை."

"அப்படீன்னா சரி" என்றார் மாமியார். அன்றிலிருந்து அவருக்கு அந்த வண்டி சொந்தக்காரர் வீட்டு வண்டி ஆகிவிட்டது.

இதெல்லாம் சும்மா அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பியபின் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். அத்தனையும் உண்மை. அதோடு மெர்சிடிஸ் என்பது கார் விற்ற ஒரு வியாபாரியின் மகள் பெயர் என்றும், பின்னால் இரண்டு கம்பெனிகள் சேர்ந்துதான் இந்தப் பெயர் முழுமையானது என்றும் அவர் சொல்லாததையும் சேர்த்துத் தெரிந்துகொண்டேன். வயிற்றெரிச்சலில் படித்தது எதுவும் மறப்பதில்லை.

நரசிபுரத்தில் இருந்து கொள்ளேகால் வரை சமதளம்தான், இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். மைசூரில் இருந்து கொள்ளேகால் 62 கிலோமீட்டர், அங்கிருந்து ஹனூர் 24. டீசல் கொள்ளேகாலிலேயே போட்டுக்கொள்ளுங்கள், மலையை நம்ப வேண்டாம். ஹனூர் தாண்டியதும் காடு. மலையடிவார செக்போஸ்டில் அந்த வருடங்களில் கெடுபிடி அதிகம், பொழுது சாய்ந்தபின் யாரையும் விட மாட்டார்கள். காட்டுக்குள் இருந்த சந்தனக் கடத்தல்காரருக்குப் பயந்துதான், அந்தக் காலத்து ஆட்களுக்குப் பேர் சொல்ல வேண்டியதில்லை. பென்ஸ் வந்ததும் காவலர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துக் கட்டையைத் தூக்கினார். எனக்குக் கட்டை இறங்கியது. டிக்கியைத் திறக்கச் சொன்னார். பானையைத் தட்டி, "ஏனு இது?" என்று கன்னடத்தில் கேட்டார். பொங்கல் பானை என்றேன். மூடியைத் திறந்தும் பார்த்தார். செல்வி வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஏற்றத்தில் வண்டியின் வேகத்தை விடக்கூடாது என்பது என் கொள்கை. வளைவு வரை ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிப்பேன், வளைவில் ஒரு பிரேக், திருப்பியதும் மறுபடி அழுத்து. முன்னால் பென்ஸ் சீராக ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது நிற்கும், மாமனார் இறங்குவார், நான் பையோடு ஓட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அது நிற்கவே இல்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன், அதன் பிரேக் விளக்கு எரியவே இல்லை. இத்தனை விலை கொடுத்த வண்டியில் பிரேக் விளக்கு போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

10.50க்கு மேலே போய்ச் சேர்ந்தோம். என் மீட்டரில் 143 கிலோமீட்டர். பென்ஸின் பின் கதவைத் திறந்தால் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். "வந்துட்டமா?" என்று கேட்டார். ஏழு வருடத்தில் அவரை மலை மேல் வெளுத்துப் போகாத முகத்தோடு அன்றுதான் பார்த்தேன். அவருக்கு நல்லதுதானே என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மாதேஷிடம் பிரேக் விளக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் மிதித்துக் காட்டினார், பளிச்சென்று எரிந்தது. "மலையில பிரேக் எதுக்கண்ணா, கியரே போதுமில்லையா?" என்றார். "எங்கப்பா நாமக்கல்லிருந்து மைசூருக்கு முட்டை லோடு அடிச்சவரு. லீவுல நானும் கூடவே போவேன். ஒரு பிரேக் வேகமா போட்டா எத்தன முட்டை உடையும்னு அவரு முகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்." நான் பேச்சை மாற்றினேன்.

ரூம் இரண்டு, ஒன்றுக்கு 120 ரூபாய். திங்கள் காலை சாமியைப் பார்க்கக் கூட்டம் அதிகம், ஐந்து மணிக்கே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. மாமனார் மொட்டை போட்டார், பொங்கல் வைத்தோம், புலி வாகனத்தைச் சுற்றி வந்தோம். பென்ஸுக்குப் பூஜை போட்டுச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் என் பையில் இருந்ததுதான், மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு இறங்கும்போது மாதேஷ் சாவியை என் கையில் வைத்தார். "ஒருதடவ நீங்க ஓட்டிப் பாருங்கண்ணா. உங்க வண்டிய நான் கொண்டாரேன்." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓட்டுங்க, நேத்தெல்லாம் அதையேதான பாத்துட்டு வந்தீங்க" என்றாள் செல்வி. மாமனாரும் மாமியாரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள், செல்வி என் பக்கத்தில். மாதேஷும் அவர் மனைவியும் என் அம்பாசிடரில் பின்தொடர்ந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்படியொரு வண்டியை நான் அதுவரை தொட்டதில்லை. ஸ்டியரிங்கில் ஒரு விரல் போதும். வேகம் போவதே தெரியவில்லை, பிரேக்கை மிதித்தால் நிலம் பிடித்து நிறுத்துகிறதுபோல நின்றது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுகமான வண்டி எனக்குக் கிடைக்காமல் இவருக்குக் கிடைத்ததே என்று பொருமிக்கொண்டே ஓட்டினேன். நாலாவது வளைவு திரும்பியதும் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, செத்த நிறுத்துங்க."

ஓரம் கட்டினேன். மாமனார் இறங்கிச் சாலையோரம் குனிந்தார். ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தேன். அந்த அரை நிமிடம் எனக்குள் ஏற்பட்டது மகிழ்ச்சிதான், வேறு பேர் வைக்க முடியாது. பென்ஸிலும் வருகிறது! பின்னால் வந்து நின்ற மாதேஷ் சோடாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவரைப் பார்த்துக் கொஞ்சம் தாராளமாகவே சொன்னேன், "எந்த வண்டியா இருந்தா என்னங்க, மலை மலைதான."

மாமியார் ஜன்னல் வழியே சொன்னார், "நேத்து ஏறயில வரலீங்களே மாப்பிள்ளை."

அவர் குத்திக்காட்டவில்லை, ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். மாதேஷ்தான் அவசரமாக, "இறக்கம்னா அப்படித்தாண்ணா, யாருக்கும் வரும்" என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

மாமனார் வாய் கொப்பளித்து, மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பென்ஸைத் தாண்டி நடந்து போனார். என் அம்பாசிடரின் முன் இடது கதவை அவரே திறந்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். "பழகின சீட்டுங்க மாப்பிள்ளை, இதுலயே வாரேன்" என்றார். மாமியாரும் இறங்கி அந்த வண்டிக்கே போனார். மாதேஷ் என்னைப் பார்க்காமல் என் வண்டியின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஹனூர் வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன், அந்த வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

ஆகவே போகிறவர்களுக்கு: மைசூரில் ஆறு மணிக்குள் புறப்படுங்கள். இப்போது சாலை எவ்வளவோ தேவலை, இருந்தாலும் இரவில் மலை ஏறவோ இறங்கவோ விடுகிறார்களா என்று கொள்ளேகாலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கொள்ளேகாலில் இருந்து பஸ்ஸும் உண்டு. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் மிதிக்காதீர்கள். வண்டி எதுவாக இருந்தாலும் சரி. இன்னொன்று, உங்களோடு வருகிறவர்களிடம் நீங்கள் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் அன்று ஹனூர் தாண்டிய பிறகுதான் கேட்டேன். அவ்வளவு பெரிய வண்டியில் நாங்கள் இரண்டே பேர். "ஏழு வருஷமா உங்கப்பாவுக்கு நான் ஓட்டுறதாலதான் குமட்டுச்சா? நீயாவது சொல்லியிருக்கலாமில்ல? உனக்கு ஒருநாளும் வந்ததில்லையே?" என்றேன்.

செல்வி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"எனக்குந்தானுங்க வரும்" என்றாள். "நான் முழுங்கிக்குவேன்."