ஜனவரி ஒன்றாம் தேதிக்காரர்கள்

என் வீட்டுக்காரியோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. காய்ச்சலடிக்கிறது என்றால், "அளந்து பாத்தீங்களா?" என்பாள். நேற்றிலிருந்து தலைவலி என்றால், நேற்றா முந்தாநாளா என்று குடைந்தெடுப்பாள். வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற எனக்கு இந்தக் குறுக்கு விசாரணையெல்லாம் தேவையா, சொல்லுங்கள்.

அவளுக்கு உறுப்பு மாற்றுப் பதிவகத்தில் வேலை. சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் நாடு முழுக்கக் காத்திருப்பவர்களின் விவரங்களை மருத்துவமனைகள் கணினியில் ஏற்றும். அவை சரிதானா என்று பார்ப்பது இவள் பாடு. ஜன்னல் திறக்காத அறை, ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, காதில் நாளெல்லாம் ஃபோன். வளர்ந்த ஆளுக்கு உயரம் பதினேழு சென்டிமீட்டர் என்று வந்திருக்கும். "ஏன் சார், இவர் என்ன தீப்பெட்டிக்குள்ளயா குடியிருக்கார்?" என்று கேட்பாளாம். எதிர்முனையில் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். யாரையும் திட்ட மாட்டாள். திட்டினால் அடுத்த முறை ஃபோனை எடுக்க மாட்டார்களாம். மிச்சம் வைத்த திட்டெல்லாம் வீட்டில் எனக்கு.

அவளுடைய பரம எதிரி ஜனவரி ஒன்று. டயாலிசிஸ் தொடங்கிய தேதியைக் காலியாக விட்டால் கணினி மேலே போக விடாது. நோயாளிகள் பலருக்கு வருஷம்தான் ஞாபகமிருக்கும். வெளியே கூட்டம் நிற்கும்போது மருத்துவமனை ஊழியர் என்ன செய்வார், பாவம். அந்த வருஷத்து ஜனவரி ஒன்றைத் தட்டிவிடுவார். ரத்தம் பொருந்துகிறவர்களில் யார் அதிக காலம் டயாலிசிஸில் இருக்கிறாரோ, அவருக்குத்தான் முதலில் சிறுநீரகம். ஆக, ஜனவரி ஒன்றுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே நாலு பேரைத் தாண்டிவிடுவார். இவள் அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, உண்மைத் தேதியைத் தேடி எடுப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு 'ஜனவரி அக்கா' என்றே பெயர்.

அப்படிப்பட்டவள் புருஷனுக்கே சிறுநீரகம் போயிற்று. முதலில் என் ரிப்பேர் கடைக்குப் பக்கத்துச் சின்ன கிளினிக்கில் டயாலிசிஸ். பிறகு பெரிய மருத்துவமனையில் பெயர் பதிந்தார்கள். ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூடப் பயப்படுகிற உடம்பாகிவிட்டது. ஒருநாள் டாக்டர், வரிசையில் நன்றாக முன்னேறிவிட்டீர்கள் என்றார். வாயெல்லாம் பல்லாக வந்து இவளிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அதுக்குள்ள எப்படிங்க? என்ன தேதி போட்டிருக்காங்க?"

டாக்டரின் கணினித் திரையில் நானே பார்த்திருந்தேன். ஜனவரி ஒன்று என்றேன்.

"நீங்க அக்டோபர்லதான ஆரம்பிச்சீங்க."

"எனக்குத் தெரியும். விட்டுடு."

விடுகிற ஜென்மமா அது? எனக்கு வந்ததே கோபம். ஊரையெல்லாம் திருத்தியது போதாதா, புருஷன் உயிரோடுமா விளையாடுவாய் என்று கத்தினேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "உங்களுக்கு முன்னாடி நிக்க வேண்டியவருக்கும் வீட்ல ஒருத்தி இருப்பாங்க."

சொந்தக்காரர்களின் விவரத்தை அவள் தொடக்கூடாது. அதனால் மறுநாள் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் கிளினிக்கில் விசாரித்துத் தேதியைத் திருத்தினார்கள். நான் சடசடவென்று பின்னால் போனேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வாரமும் டயாலிசிஸ் கட்டிலருகே உட்கார்ந்து, பிடித்துக்கொண்ட என் காலை நீவிவிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று கேட்டேன். என் ரத்த வகைக்குச் சிறுநீரகம் ஒன்று வந்ததாம்.

"பழைய தேதியே இருந்திருந்தா உங்களுக்குத்தாங்க வந்திருக்கும்."

மறைத்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. அதையும் வந்து சொல்கிறாள் பாருங்கள், இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் விட்டுப்போயிற்று.

"யாருக்குப் போச்சு?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"அவரு தேதி சரிதானா?"

"நானே கிளினிக்குக்கு ஃபோன் பண்ணிக் கேட்டதுங்க. சரிதான்."

"அப்ப அவரு பொழச்சுக்கட்டும். நீ எழுந்து வா, சாப்பிடலாம்."