நடு ஆணி

அரியலூரில் நான் குடியிருக்கும் அறையின் சுவரில் நாற்பது பழைய ஸ்பேனர்கள் தொங்குகின்றன. நடுவே ஓர் ஆணி மட்டும் சும்மா இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால், "அது ஒருத்தரோடது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

பெரம்பலூர் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்தவை அவை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு போக்கி, சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால், தேய்ந்த எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மற்றவர் கண்ணுக்குப் படாத எழுத்தையும் படித்துவிடுகிறேன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. நான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையில் மேனேஜர் வரைக்கும் அது தெரியும்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து போகும்போது, கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்த ஓர் அண்ணனின் பையில் ஒரு ஸ்பேனர் இருந்ததென்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் என்னை வரச்சொன்னார். ஸ்பேனரின் வாய்ப்பக்கம் இரண்டு முகத்திலும் அரத்தால் ராவி மெலிந்திருந்தது. ஆலையின் முத்திரை இருக்கவேண்டிய இடமும் அதுதான். "என்னோடதுங்க சார். சந்துல நுழையட்டும்னு நான்தான் ராவுனேன். வேணும்னா மாட்டிப் பாருங்க" என்றார் அண்ணன். "எதுல, ஒன் வூட்டுக் கட்டில்லயா?" என்று செக்யூரிட்டி சிரித்தான். அண்ணன் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூளைத் தடவினேன். ஓர் எழுத்தும் எழவில்லை. எழாததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். "அடையாளத்த அழிச்ச மாதிரிதான் சார் இருக்கு." அவ்வளவுதான் சொன்னேன். அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "இந்தாப்பா, ஒன் மியூசியத்துல மாட்டு." நடு ஆணியில் மாட்டினேன்.

மூன்று மாதம் கழித்து கன்வேயர் நின்றது. கழற்றவேண்டிய நட்டு தகட்டுக்குப் பின்னால், விரல்கூடப் போகாத சந்தில் இருந்தது. ஸ்டோரில் இருந்த ஸ்பேனர் ஒன்றும் நுழையவில்லை. மேனேஜர் தலைமேல் நின்றுகொண்டு, "முன்னாடி இத யாருப்பா கழட்டுவா?" என்றார். கான்ட்ராக்ட் ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சொன்ன சந்து நினைவுக்கு வந்தது. அறைக்கு பைக்கில் ஓடி, சுவரிலிருந்து அதை எடுத்து வந்தேன். நுழையக் கூடாது, நுழையக் கூடாது என்று வேண்டிக்கொண்டே உள்ளே விட்டேன். வழுக்கிக்கொண்டு போய் நட்டைக் கவ்வியது.

அண்ணன் சொன்னது நிஜம் என்று அங்கேயே மேனேஜரிடம் சொன்னேன். "வேற ஆள் வந்தாச்சு. இப்ப போயி அதக் கிளறாத" என்றார். எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் ஊரான விக்கிரமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணன் ஒரு கொல்லையில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனரை நீட்டி, நான் சொன்னது தப்பு என்றேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, ராவிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"மாட்டிப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேண்ணே."

"அன்னைக்கே பாத்திருக்கலாம்."

குனிந்து, மோட்டார் நட்டில் அதை மாட்டித் திருக ஆரம்பித்தார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

போன வாரம் பெரம்பலூரில் இன்னொரு ஸ்பேனர் கிடைத்தது. சாக்பீஸை எடுக்குமுன் ஒரு நட்டில் மாட்டிப் பார்த்தேன். பிறகு அதற்கென்று சுவரின் ஓரத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்தேன்.