நெய்வேலிக்கு ஒன்பது அம்புகளோடு

சனிக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்குச் சேத்தியாத்தோப்பில் பேருந்து ஏறினோம், நானும் என் மகள் தாரணியும். அவளுக்குப் பதினொரு வயது. என் பழைய புடவையில் சுற்றிய மூங்கில் வில் ஒன்று, பிளாஸ்டிக் குழாய்க்குள் மூங்கில் அம்புகள் ஒன்பது. மறுநாள் காலை கடலூரில் மாவட்ட அணிக்கான தேர்வு. மூன்று வாரமாக அவள் எய்யும் அம்பெல்லாம் இலக்குக்கு இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கெழமயும் இப்படியே போச்சின்னா வில்ல உட்டுடறேம்மா" என்று முந்தின நாள் பள்ளி விட்டு வந்ததும் சொன்னாள். அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நெய்வேலி ஆர்ச் கேட் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். எனக்கு முழு டிக்கெட், அவளுக்கு அரை. நடத்துநர் புடவைச் சுருளைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒட்டடக் கம்பா?"

"வில்லுங்க."

"பஸ்ஸுக்குள்ள யாருக்கும் குறி வெச்சிடாத பாப்பா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

தாரணி சிரிக்கவில்லை. வடலூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தேர்வுக்கு முதல் நாள் பிள்ளையை வீட்டில் ஓய்வெடுக்க விட்டிருக்க வேண்டுமோ என்று எனக்குத் தோன்றியது. மூன்று வாரமும் அவளைத் திட்டியிருந்தேன்: கவனம் இல்லை, தோளை இறுக்குகிறாய், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறாய். பயிற்சியாளரும் கைதான் சரியில்லை என்றிருந்தார்.

ஒன்றரை மணிக்கு ஆர்ச் கேட். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். எங்கள் ஊரில் வீடு கேட்டால் ரைஸ்மில்லுக்கு எதிர்ப்புறம், வாய்க்காலுக்கு அந்தாண்டை என்று சொல்வோம். இங்கே பிளாக் எண், சாலை, குவார்ட்டர்ஸ் எண் சொன்னால் போதும். ஓட்டுநர் மறுகேள்வி கேட்கவில்லை. சாலைகள் நேராக ஓட, இருபுறமும் மரங்கள் கூடிக் கூரை போட்டிருந்தன.

சுமதி என்னோடு சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தவள். அங்கேயே வில் பிடித்தவள். அவளிடம் காட்டத்தான் வந்தோம். இப்போது சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தாள். சீருடையைக்கூட மாற்றாமல் வில்லை வாங்கி நாணேற்றினாள்.

"சாப்டியாடி வித்யா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பரிட்ச உனக்கா, புள்ளைக்கா?"

குவார்ட்டர்ஸின் பின்தோட்டத்தில் கந்தல் அடைத்த சாக்கு மூட்டைகளை மதிலோரம் அடுக்கினாள். பிறகு இரண்டு அம்புகளை எடுத்து, பிளேடால் இறகுகளைச் சீவித் தள்ளினாள்.

"ஐயோ, சுமதி! நாளைக்குப் போட்டிடி!"

"ஒன்பதுல ரெண்டு போனா ஏழு. ஆறு போதும்ல? றெக்க இருந்தா அம்பு தன் தப்ப மறைச்சிடும். மொட்ட அம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது."

பத்து மீட்டரில் தாரணி எய்தாள். முதலில் இறகுள்ள மூன்று, பிறகு மொட்டை அம்புகள் இரண்டு. இறகுள்ளவை நின்ற இடத்துக்கு மொட்டை அம்புகள் ஒரு சாண் கீழேயும் இரண்டு சாண் இடப்பக்கமும் குத்தி நின்றன. தாரணி தலையைத் தொங்கப்போட்டாள்.

மேல் கீழ்தான் முதல் வேலை என்றாள் சுமதி. அது சரியாகாமல் இடம் வலத்தைத் தொடக்கூடாதாம். அம்பின் வாலை நாணில் பொருத்த அடையாளமாகச் சுற்றியிருந்த நூல் சற்று உயரத்தில் இருந்ததால்தான் மொட்டை அம்பு தாழ்ந்தது. நூலைப் பிரித்து ஒரு நெல்லளவு இறக்கிச் சுற்றினாள். மறுபடி எய்தபோது மொட்டை அம்பும் இறகு அம்பும் ஒரே உயரத்தில் நின்றன. இடப்பக்கம் மட்டும் மாறவில்லை.

சுமதி ஓர் அம்பை இரு கைகளிலும் பிடித்து வளைத்துப் பார்த்தாள்.

"இது கட்டையா இருக்குடி. மூங்கில் வில்லுல அம்பு நேரா போகாது. விட்டதும் மீன் மாதிரி வளைஞ்சு வில்லச் சுத்திகிட்டுத்தான் போகணும். இது வளையவே மாட்டேங்குது, வில்லுல இடிச்சு இடப்பக்கம் ஒதுங்குது. பெரியாளு இழுக்கற வில்லோட அம்பு இது. எந்தக் கடைக்காரன் ஏமாத்துனான்?"

"அந்தத் தாத்தாவாத்தான் இருக்கும்" என்றாள் தாரணி.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கடைக்காரர் இரண்டு முறை சொன்னார், இந்த வில்லுக்கு மெல்லிசு போதுமென்று. வளர்கிற பிள்ளை, இன்னும் இரண்டு வருஷத்துக்கு வர வேண்டும் என்று தடித்ததைக் கேட்டு வாங்கியவள் நான். சீருடையை மடித்துத் தைத்து வாங்குவதுபோல.

"அவரு ஏமாத்தல. நான்தான் வளர்ற புள்ளன்னு..." என்று அதைச் சொன்னேன்.

தாரணி என்னை உற்றுப் பார்த்தாள். "அப்ப நான் ஒழுங்காத்தான் விட்டுகினு இருந்தேனா?"

"ஆமாம்மா."

"மூணு வாரமா திட்டிகினே இருந்தியே!"

"தப்புதாண்டி."

"ஷூவும் இப்படித்தான் வாங்கன. உள்ள பஞ்சு வெச்சிகினு ஓடறேன் நான்!"

சுமதி சிரிப்பை அடக்க முடியாமல் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாரணியும் சிரித்தாள். நான்தான் கடைசி.

நாலரை வரை வேலை. முனைகளைக் கழற்றித் தன்னிடமிருந்த கொஞ்சம் கனமானவற்றைப் பொருத்தினாள் சுமதி. முன்பக்கம் பாரம் ஏறினால் அம்பு கூடுதலாக வளையுமாம். அதிலேயே பாதி சரியானது. மீதிக்கு உப்புத்தாள். மொட்டை அம்பை உருட்டி உருட்டி நடுவில் தேய்ப்பாள், எய்யச் சொல்வாள், மறுபடி தேய்ப்பாள். இறகு அம்புகள் நின்ற இடத்துக்கு நாலு விரல் பக்கத்தில் மொட்டை அம்பு வந்ததும் நிறுத்தினாள். அதை ஒரு பலகையின் இரு ஆணிகள்மேல் கிடத்தி, நடுவில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டாள். அம்பு எவ்வளவு தொய்ந்தது என்று பென்சிலால் கோடு போட்டாள். மற்ற ஏழும் அந்தக் கோட்டைத் தொடும்வரை தேய்க்க வேண்டும்.

எனக்கும் ஓர் அம்பு கொடுத்தாள். போதுமா, இன்னும் கொஞ்சமா என்று தேய்த்துத் தேய்த்து, எடைக்கல்லை மாட்டியபோது அது கோட்டைத் தாண்டித் தொய்ந்தது.

"அத வெச்சிட்டுப் போய் டீ போடு" என்றாள் சுமதி.

மிஞ்சியது சரியாக ஆறு. ஆறையும் தாரணி வரிசையாக எய்தாள். சாக்கு மூட்டையில் வரைந்த தட்டளவு வட்டத்துக்குள் ஐந்து. ஆறாவது வலப்பக்கம் போனது. வலப்பக்கம் போனதைப் பார்த்து அவள் துள்ளிக் குதித்தது ஏன் என்று அங்கிருந்த எங்கள் இருவருக்கு மட்டும்தான் விளங்கும்.

கிளம்பும்போது சுமதி எச்சரித்தாள். "இது இந்த வில்லுக்கு மட்டும்தான். வில்லு மாத்துனா அம்பு உதவாது. அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்காத."

"அடுத்த வருஷத்துக்கு வேற வாங்கிக்கறேன்டி." அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. எங்கள் வீட்டில் எதையும் இந்த வருஷத்துக்கென்று வாங்கிப் பழக்கமில்லை.

ஐந்தேகால் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. தாரணி குழாயை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தாள்.

"ம்மா, இப்ப அம்பு சரியா இருக்குது இல்ல?"

"சரியா இருக்கு."

"நாளைக்கு வெளிய போனா அது என் தப்புதான?"

இல்லை கண்ணு, காற்றடிக்கலாம், புது இடம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"ஆமா. உன் தப்புதான்."

"சரி" என்றாள், நெய்வேலிக்குப் போகும்போது இல்லாத முகத்தோடு. பிறகு ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டாள்.