தறி என்று நினைத்து நீக்கிய ஆள்

மடவார் வளாகம் என்ற பகுதியில், ஒரு மாடி அறையில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு நிறுவனக்காரர்கள் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி அனுப்புவார்கள். வேண்டாத சத்தங்களை நாங்கள் நீக்கித் தர வேண்டும். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். சோதனைக்கு மூன்று பைல். மூன்றும் தேறினால் வேலை நிரந்தரம்.

முதலாவது தேறிவிட்டது. இரண்டாவது, ஜாஸ் என்ற மேல்நாட்டு இசை. எங்கோ ஒரு சிறு கூடத்தில், ஆட்கள் முன்னால் வாசித்தபோதே பதிவு செய்தது. யார் வீட்டுப் பரணிலோ கிடந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். எடுத்தேன். பாட்டு முழுக்க 'ஸ்ஸ்க், ஸ்ஸ்க்' என்று ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, குறிப்பில் எழுதினேன்: 'பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. நீக்கிவிட்டேன்.'

மேற்பார்வை பார்க்கிற அக்கா குறிப்பைப் படித்துவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, அது தறி இல்லட்டி. டிரம்ஸ்காரன் கம்பி பிரஷ்ஷ வச்சுத் தேய்க்கான். ஆளையே காலி பண்ணிட்டியே!"

"எங்க தெருவுல பேண்டேஜ் துணித் தறி விடிய விடிய ஓடுதுக்கா. எனக்கு வேற என்ன தோணும்?"

"நல்லவேள, நான் இன்னும் அனுப்பல. மத்தியானத்துக்குள்ள அவனத் திருப்பிக் கொண்டா."

மூலப் பதிவை மறுபடி போட்டேன். இப்போது அந்த ஆளை மட்டும் கவனித்தேன். சாக்ஸபோன் தயங்கினால் அவரும் தயங்கினார். தறி யாருக்காகவும் மெதுவாக ஓடாது. இதை எப்படித் தவறவிட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. பிறகு கோபம் போய், இன்னும் என்னவெல்லாம் தவறவிட்டேன் என்று தேட ஆரம்பித்தேன்.

ஆறாவது நிமிடத்தில் யாரோ இரண்டு முறை இருமுகிறார்கள். சாக்ஸபோன் நிற்கிறது. பிறகு அதே இருமலை, தடித்த குரலில், இரண்டு சுரமாக ஊதிக் காட்டுகிறது. கூடம் சிரிக்கிறது. அங்கிருந்து பாட்டே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. நான் சுத்தம் செய்த பைலில் இருமல் இல்லை. எதற்கென்றே தெரியாமல் எல்லோரும் சிரிக்கிறார்கள். வாசித்தவருக்கே அடுத்து என்ன வரும் என்று தெரியாத ஓர் இடத்தில், இத்தனை வருடம் கழித்து நான் உட்கார்ந்திருந்தேன். நான்கு முறை கேட்டேன்.

"இருமல விட்டு வைக்கப் போறேன்க்கா."

"எடுக்கச் சொன்னத எடு. மூணாவது பைலு வேணுமா, வேண்டாமா?"

"வேணும். ஆனா இருமல எடுத்தா அந்தாளு கிறுக்கன் மாதிரி ஊதுதாரு."

அக்கா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அந்த இடம் வந்ததும் அவர் தோள் குலுங்கியது. ஆனாலும், "உன் பேர்லயே அனுப்பு. என்னைய இழுக்காத" என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இருமலை ஏன் விட்டுவைத்தேன் என்று ஆங்கிலத்தில் நானே ஒரு பத்தி எழுதினேன். யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை. டிரம்ஸ்காரரைத் தறி என்று நினைத்ததையும் மறைக்காமல் சேர்த்தேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் அக்கா தன் கணினியிலிருந்து வாசித்துச் சொன்னார்: "இருமல் இருக்கட்டுமாம். மூணாவது பைலும் வந்துருக்கு. அப்புறம், நீ எடுத்த மத்த சத்தம் எல்லாத்தையும் ஒருக்கா கேட்டுப் பாக்கணுமாம், தனியா அனுப்பச் சொல்லுதாவ."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான். நல்லா எழுதுனட்டி நீ, நம்ம ரெண்டு பேரு தலையிலயும் வேலையக் கட்டிட்ட!"

முதல் நாற்காலிச் சத்தத்திலிருந்து தொடங்கினேன்.